தேத்தண்ணிக்கு ஐந்து நட்சத்திரம்

1

இந்தக் கதையை எங்கே பிடித்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புத்தளத்தில், பல் வைத்தியரின் வாசலில். என் முறை வரவில்லை, கடைவாய்ப் பல் குடைந்துகொண்டிருந்தது, கையில் தொலைபேசி இருந்தது. வலியை மறக்க எதையாவது தட்டுவோம் என்று தட்டியதில், கற்பிட்டிப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் தங்கியவர்கள் எழுதிவைத்த கருத்துகள் திறந்துகொண்டன. காற்று அருமை, மெத்தை அருமை, இறால் அருமை என்று ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டே போயிருந்தார்கள். நடுவில் தமிழில் ஒன்று கிடந்தது. ஐந்து நட்சத்திரம் போட்டு, கீழே இரண்டே வசனம்: "தேத்தண்ணி நல்லம். நாங்க எழும்ப மாட்டம்."

பல்லை மறந்துவிட்டேன். தேநீர் நல்லமென்றால் எழும்புகிற பேச்சு ஏன் வருகிறது? யார் எழும்பச் சொன்னது? எழுதியவரின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ரோஜாப்பூ இருந்தது. விசாரித்துக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. மிச்சம் முழுவதும் என் கற்பனை. ஹோட்டலுக்கு 'அலைவீடு' என்று நானே பெயர் வைத்தேன். மாம்புரிக்கும் எத்தாளைக்கும் இடையில் அதைத் தேடிப் போய்ப் பெற்றோலை வீணாக்காதீர்கள்.

2

தொடக்கம் பிடிபடவில்லை. எழுதிப் பார்த்தவற்றை ஒளிக்காமல் இங்கே விட்டிருக்கிறேன்.

"சோழகக் காற்று வீசும் அந்த எழில்மிகு கடற்கரையில் கதிரவன் தன் பொற்கதிர்களை" — வேண்டாம். விமான நிலையத்தில் இலவசமாகக் கொடுக்கிற தாள் போலிருக்கிறது.

"ஸாஜிதா கருவாட்டுக் கடகத்தை இடுப்பில் வைத்தபடி கடலைப் பார்த்து நீண்டதொரு பெருமூச்சு" — இதுவும் வேண்டாம். கருவாடு போடுகிற பெண் கடலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டதை நான் ஒரு நாளும் கண்டதில்லை. அவள் வானத்தைப் பார்ப்பாள், மழை வருமா என்று. அதற்குப் பிறகு காகத்தைப் பார்ப்பாள்.

சரி, இப்படித் தொடங்குகிறேன்: நிஸ்ரினின் வேலை கேட்பது.

3

வரவேற்பு மேசைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, ஒரு கணினி, ஒரு மின்விசிறி. 'அலைவீடு' பற்றி உலகத்தில் யார் எங்கே எதை எழுதினாலும் அது நிஸ்ரினுக்கு எட்ட வேண்டும். ஹோட்டலின் முகநூல் பக்கத்தை மட்டும் படித்தால் போதாது. நம்மைக் கூப்பிடாமல் தங்களுக்குள் கதைத்துக்கொள்கிறவர்கள்தான் உண்மையைச் சொல்வார்கள் என்று பயிற்சி கொடுக்க வந்தவர் சொல்லியிருந்தார். முறைப்பாட்டை அன்பளிப்பாக எடுத்துக்கொள்ளச் சொன்னவரும் அவர்தான். யார் கருத்து எழுதினாலும் ஒரு மணித்தியாலத்துக்குள் பதில் போக வேண்டும். எழுதியவரைப் பெயர் சொல்லி விளிக்க வேண்டும், பதில் சொல்கிறவரின் பெயர் கீழே வர வேண்டும். திரும்பத் திரும்ப வருகிற விடயத்தைப் பொறுக்கி வாராவாரம் கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும்.

(இந்த இடத்தில் நான் நக்கலடிப்பேன் என்று காத்திருக்கிறீர்கள். மாட்டேன். இது நல்ல வேலை. காலையில் இடியப்பம் ஆறிப்போய் வருகிறது என்று சிலர் எங்கோ ஒரு மூலையில் எழுதியிருந்தார்கள். நிஸ்ரின் கண்டுபிடித்து அனுப்பினாள், அந்த வாரமே குசினியில் ஆவி போகாத பெட்டி வந்துவிட்டது. நம் அரசாங்கக் கந்தோர்கள் ஒவ்வொன்றிலும் ஒரு நிஸ்ரினை உட்காரவைத்தால் நாடு பாதி உருப்படும். கேட்பது தவறென்று இந்தக் கதை சொல்லவில்லை. யாரைக் கேட்பது என்பதில்தான் சண்டை.)

தென்மேற்கிலிருந்து சோழகம் அடிக்கிற காலம் அது. அந்தக் காற்றுக்காகத்தான் வெளிநாட்டுக்காரர் இடுப்பில் பட்டத்தைக் கட்டிக்கொண்டு நீரில் சறுக்க வருகிறார்கள். அதே காற்றில்தான் பக்கத்துத் தரையில் கருவாடும் காய்கிறது. காற்று அடிக்கும்வரை ஒருவருக்கும் தொல்லை இல்லை. அது விழுந்துபோன நாட்களில் மணம் வேலியைத் தாண்டி வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொள்ளும். விருந்தினர்கள் எழுதினார்கள்: அழகான இடம், ஆனால் மீன் நாறுகிறது. நிஸ்ரின் பொறுக்கி அனுப்பினாள். அதில் அவளுக்கு ஒரு தயக்கமும் இருக்கவில்லை. இடியப்பத்தையும் அப்படித்தான் அனுப்பினாள்.

தலைமை அலுவலகம் இதையும் இடியப்பம் போலவே தீர்த்துவைத்தது. வேலிக்கு அப்பால் கிடக்கும் அரச காணித் துண்டைப் பூங்கா அமைக்கக் குத்தகைக்குக் கேட்டது. கிடைத்துவிட்டது. நில அளவைக்காரர் வந்து எல்லை முளை அடிப்பதுதான் பாக்கி.

அந்தத் துண்டில் கருவாடு போடுகிற பெண்களில் ஒருத்தி ஸாஜிதா. நிஸ்ரினின் மாமி, வாப்பாவின் கூடப்பிறந்த தங்கை.

4

ஸாஜிதாவைப் பற்றி எனக்கு ஒரு பயம் இருந்தது. அவளுக்கு ஐம்பதுக்கு மேல் வயது. புத்தளத்தில் வசிக்கிற அந்த வயதுப் பெண்ணைக் கதையில் கொண்டுவந்தால், மன்னாரில் பிறந்தவளா, தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது வந்தவளா என்று வாசகர் கேட்பார்கள். ஓம், மன்னாரில் பிறந்தவள்தான், தொண்ணூறில் வெறுங்கையோடு வந்தவள்தான். ஆனால் இந்த ஊரில் கதை எழுதுகிறவன் ஒவ்வொரு முறையும் அந்த மூட்டையைத் தூக்கிவந்து உங்கள் முன் அவிழ்க்க வேண்டுமென்று யாரும் சட்டம் போடவில்லை. எழுதி, வெட்டிவிட்டேன். இது கருவாட்டுத் தரையைப் பற்றிய கதை என்று என்னையே அதட்டிக்கொண்டேன்.

முகாமையாளர் நிலுக்சனோடு வேறு வில்லங்கம். "நிலுக்சன் பற்களைக் கடித்தபடி வஞ்சகமாகச்" — அவன் அப்படிப்பட்டவன் இல்லை. காவலாளி சாப்பிட்டாரா என்று கேட்டுவிட்டுத்தான் தன் தட்டை எடுப்பான். சிலாபத்துப் பக்கத்துப் பிள்ளை. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் சிங்களம். தமிழ் சரளமாகக் கதைப்பான், வாசிக்கத் தெரியாது. கெட்டவன் ஒருவன் கிடைத்திருந்தால் என் வேலை சுகமாக முடிந்திருக்கும். கிடைக்கவில்லை.

5

பெண்கள் ஹோட்டல் வாசலுக்குப் போனார்கள். காவலாளி கடிதம் தரச் சொன்னார். கொடுத்தார்கள். வாசலில் கொடுக்கிற கடிதம் எங்கே போகுமோ அங்கே அதுவும் போய்ச் சேர்ந்தது. வேலியோரம் நின்று சத்தம் போட்டார்கள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். அடுத்த நாள் ஹோட்டல்காரர் வேலியோரம் பூமரம் நட்டார்கள்.

அஸர் தொழுதுவிட்டு ஸாஜிதா தன் நானாவின், நிஸ்ரினின் வாப்பாவின், வீட்டுக்கு வந்தாள். நிஸ்ரின் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். மாமி கதிரையில் உட்கார்ந்து, ஊற்றிவைத்த தேத்தண்ணியைத் தொடாமல், அங்கே உனக்கு என்ன வேலை என்று கேட்டாள். வாடிக்கையாளர் சொல்வதைக் கேட்கிற வேலை என்றாள் நிஸ்ரின்.

"போலந்தில இருக்கிறவன் சொன்னது கேக்குது," என்றாள் ஸாஜிதா. "வேலிக்கு அங்கால நிண்டு நாங்க கத்துறது கேக்கல்லயா?"

நிஸ்ரினுக்கு முகம் எரிந்தது. அந்த நாற்றத்தைப் பொறுக்கி அனுப்பியவள் தான்தான் என்று சொன்னாள். மாமி திட்டுவாள் என்று நினைத்தாள். மாமி திட்டவில்லை. சரி, அனுப்பினாய், இப்போது எங்களுடையதையும் அனுப்பு என்றாள். அனுப்ப முடியாது, வாடிக்கையாளர் அல்லாத ஆட்கள் எழுதுவதைப் பொய்க் கணக்கு என்று தள்ளிவிடச் சொல்லி உத்தரவு இருக்கிறது. அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நிஸ்ரினுக்கு வழியும் பிடிபட்டது.

"மாமி, உள்ள வந்து ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடிச்சா நீங்களும் வாடிக்கையாளர்தான். பில்லைப் படம் எடுத்துப் போட்டு எழுதுங்க. ஒரு மணித்தியாலத்துக்குள்ள பதில் சொல்லியே ஆகணும். அது அவங்கட சட்டம்."

"பதில் சொல்றது ஆரு?"

"நான்தான்."

ஸாஜிதா அதற்குப் பிறகுதான் கோப்பையை எடுத்தாள்.

போகும்போது நிஸ்ரின் ஒன்றைத் திருப்பித் திருப்பிச் சொல்லி அனுப்பினாள். ஒரு நட்சத்திரம் மட்டும் போட வேண்டும். நட்சத்திரம் குறைந்தால்தான் கொழும்பில் மணி அடிக்கும்.

6

(இங்கே ஒரு காதல் இருந்தது. பட்டம் விடப் பழக்குகிற பொடியன் ஒருவன், நிஸ்ரின், மாலைநேரக் கடல். தரை பறிபோகிற அவசரத்தில் அவர்கள் கைகோர்த்து நடப்பதை என்னால் சகிக்க முடியவில்லை. எடுத்துவிட்டேன்.)

7

ஐந்து பேர் போனார்கள். கலியாண வீட்டுக்குப் போவது போல உடுத்திக்கொண்டு போனார்கள். ஸாஜிதாவோடு கருவாட்டுத் தரையில் பக்கத்துப் பங்குக்காரி யூஜினியும் இருந்தாள், மாதா கோயிலுக்குக் கட்டுகிற சேலையில். உள்ளூர்ப் பெண்கள் வந்திருக்கிறார்கள் என்று நிலுக்சன் மெய்யாகவே மகிழ்ந்து, தானே கதிரைகளை இழுத்துப் போட்டான். தேத்தண்ணி வந்தது, இஞ்சி தட்டிப் போட்டு. குடித்தார்கள், பில்லை எடுத்தார்கள், ஸலாம் சொல்லிவிட்டு வந்தார்கள்.

நிஸ்ரின் கணினிக்கு முன்னால் காத்திருந்தாள். முதலாவது வந்தது. ஐந்து நட்சத்திரம். கை தவறிவிட்டது என்று நினைத்தாள். இரண்டாவதும் ஐந்து. எல்லோரும் ஐந்து. நெற்றியில் அடித்துக்கொண்டு மாமிக்கு அழைப்பெடுத்தாள்.

"ஒண்டு போடச் சொன்னேனே மாமி."

"என்னத்துக்கு ஒண்டு? தேத்தண்ணியில என்ன குத்தம்? ஒருத்தர் ஊத்தித் தந்தத குடிச்சிட்டுக் குறை சொல்ல ஏலாது புள்ள. ரசூலுல்லாஹ் ஒரு நாளும் சாப்பாட்டக் குறை சொன்னதில்ல."*

யூஜினியைக் கேட்டதற்கு, நாலு பேர் ஐந்து போடும்போது நான் மட்டும் ஒன்று போட்டால் ஊருக்குள் பிளவு என்று நினைப்பார்களே என்றாளாம்.

* தெரியாதவர்களுக்கு: நபியவர்கள் பிடித்தால் உண்பார்கள், பிடிக்காவிட்டால் விட்டுவிடுவார்கள், குறை சொல்ல மாட்டார்கள். எங்கள் வீடுகளில் உப்பில்லாத கறியைப் பிள்ளைகள் வாய் திறக்காமல் தின்னப் பழகுவது இதனால்தான். வாடிக்கையாளர் கருத்து என்ற முழுத் தொழிலும் சாப்பாட்டைக் குறை சொல்கிற பழக்கத்தின் மேல் எழும்பியது என்பதை நான் கதை எழுத உட்காரும்போது யோசிக்கவே இல்லை.

ஆம், யோசிக்கவில்லை. பல் வைத்தியர் வாசலில் கண்ட ஐந்தை ஒதுக்கிவிட்டு நான் திட்டம் போட்டது ஒற்றை நட்சத்திரக் கதைக்கு. நட்சத்திரம் விழும், கொழும்பு பதறும், ஏழாம் பகுதியில் முடித்துவிட்டுப் பல்லைப் பார்க்கலாம் என்றிருந்தேன். ஸாஜிதா எனக்கு அடங்கவில்லை. நட்சத்திரம் தேத்தண்ணிக்கு, எழுத்து தரைக்கு என்று அவள் பிரித்துவிட்டாள். ஐந்து நட்சத்திரத்துக்குக் கீழே அவள் எழுதியது இது:

"தேத்தண்ணி நல்லம். கதிரை துப்புரவு. மனேஜர் தம்பி மரியாதை. உங்கட வேலிக்கு அங்கால நாங்க கருவாடு போடுற தரை. அத எடுக்கப் போறீங்களாம். எங்கள்ட்ட ஒருத்தரும் கேக்கல்ல. மன்னாரில இருந்து ஒரு தரம் எழும்பி வந்தம். அப்பவும் ஒருத்தரும் கேக்கல்ல. ரெண்டாம் தரம் எழும்ப மாட்டம்."

நான் வெட்டிய மூட்டையை அவளே எடுத்து வைத்துக்கொண்டாள். அவளுடையது. நான் யார் தடுக்க?

8

ஐந்து நட்சத்திரம் போட்டால் கொழும்பில் மணி அடிக்காது, கைதட்டல்தான் வரும். நிஸ்ரினிடம் அதற்கென்று எழுதிக்கொடுத்த பதில் இருந்தது. வேறு வழி தெரியாமல் அதையே போட்டாள். உங்கள் வருகைக்கு நன்றி, உங்கள் கருத்து எங்களுக்குப் பெறுமதியானது. அன்று மாலை ஸாஜிதா தொலைபேசியில், பெறுமதி என்றால் என்ன, தரை தருவீர்களா மாட்டீர்களா என்று கேட்டாள். தன்னைப் பற்றி நிஸ்ரினுக்கே அருவருப்பாக இருந்தது.

ஆனால் அந்த ஹோட்டலில் இன்னொரு ஏற்பாடு இருந்தது. ஐந்து நட்சத்திரக் கருத்துகள் யாரும் தொடாமல் தாமாகவே இணையத்தளத்தின் முகப்புக்கும் வரவேற்புக் கூடத்தின் பெரிய திரைக்கும் போய்விடும். நட்சத்திரத்தைத்தான் இயந்திரம் பார்க்கும், எழுத்தை அல்ல. 'ரெண்டாம் தரம் எழும்ப மாட்டம்' என்பது ஆளுயரத் திரையில், பொன்னிறச் சட்டத்துக்குள், அலையோசைப் பின்னணியில் ஓடத் தொடங்கியது. செய்தி தரைக்கு எட்டியதும் கரையிலுள்ள மற்றப் பெண்களும் தேத்தண்ணி குடிக்க வந்தார்கள். எல்லோரும் ஐந்து போட்டார்கள். நிலுக்சன் எழுத்துகளைப் பார்த்துப் பூரித்துப்போனான். நம்மட ஆக்களுக்கும் நம்மளைப் பிடித்துவிட்டது என்றான். கொழும்பு பூங்கொத்துப் படம் அனுப்பியது.

எழுத்தைப் படித்தவர் ஒரு ஜெர்மன்காரர். காற்று விழுந்த காலை, செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் தொலைபேசியைத் திரைக்கு நேரே பிடித்தார். அது மொழிபெயர்த்துக் கொடுத்தது. அவர் நேரே நிலுக்சனிடம் வந்தார். நாற்றம் என்று எழுதியவர்களில் நானும் ஒருவன், நாறியது, எழுதினேன், யாருடைய இடத்தையாவது எடுக்கச் சொன்னேனா என்று கேட்டார். நிலுக்சனுக்குத் தலைகால் புரியவில்லை. நிஸ்ரினின் அறைக்கு ஓடிவந்து, திரையில் இருப்பதை வாசிக்கச் சொன்னான்.

அவள் வாசித்தாள். அவன் வீட்டில் தாயோடு கதைக்கிற மொழியில் ஒவ்வொன்றாக வாசித்தாள். 'மனேஜர் தம்பி மரியாதை' வந்த இடத்தில் அவன் கதிரையில் உட்கார்ந்துவிட்டான்.

கொழும்புக்கு அழைப்பெடுத்தான், நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தான், வைத்தான். எல்லாவற்றையும் திரையிலிருந்து எடுத்து, பொய்க் கணக்குகள் என்று அறிவித்துவிடச் சொன்னார்கள் என்றான். அளவைக்காரர் நாளைக்கே வருகிறார்களாம்.

"பொய் எப்பிடி சேர்? பில் இருக்கு. நீங்கதானே கதிரை இழுத்துப் போட்டீங்க?"

"எனக்கு மேலயும் ஆக்கள் இருக்காங்க நிஸ்ரின்."

அப்போது கணினியில் புதிதாக ஒன்று விழுந்தது. நாளைக்கு முளை அடிக்க வருகிற செய்தி தரைக்கும் எட்டியிருக்க வேண்டும். ஸாஜிதாதான். ஐந்து நட்சத்திரம், இரண்டு வசனம். உங்களுக்குத் தெரிந்த இரண்டு வசனம்.

ஒரு மணித்தியாலத்துக்குள் பதில் போக வேண்டும் என்றாள் நிஸ்ரின். எழுதிக்கொடுத்த பதிலை மூடிவிட்டு, ஹோட்டலின் பெயரில் தட்டத் தொடங்கினாள்:

"ஸாஜிதா அவர்களுக்கு, மீன் நாறுகிறது என்று எங்கள் விருந்தினர்கள் எழுதினார்கள். அதைக் கொழும்புக்கு அனுப்பியவள் நான். தரையை எடுக்கச் சொல்லி ஒரு விருந்தினரும் எழுதவில்லை. அது நாங்கள் எடுத்த முடிவு. உங்களை நாங்கள் கேட்கவில்லை. நீங்கள் எழும்ப வேண்டியதில்லை. — நிஸ்ரின், அலைவீடு."

போடுவதற்கு முன் அதையும் அவனுக்கு வாசித்துக் காட்ட வாய் திறந்தாள். நிலுக்சன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"வேணாம். எனக்குத் தமிழ் வாசிக்க வராது. அவங்க கேட்டா அதைத்தான் சொல்லுவேன்," என்று சொல்லிவிட்டு எழுந்து போய், கதவை மெதுவாகச் சாத்தினான்.

அவள் போட்டுவிட்டாள்.

9

இனி முடிவு. என்னிடம் சில இருக்கின்றன.

தலைமை அலுவலகம் வெட்கப்பட்டுக் குத்தகையைக் கைவிடுகிறது, காற்று விழுந்த நாளில் மீனைத் தள்ளிப் பரப்புவதென்று இரு தரப்பும் பேசித் தீர்க்கின்றன, ஜெர்மன்காரர் கருவாடு வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகிறார். எழுதலாம். எழுதினால் நீங்கள் ஓர் இதயத்தைப் போட்டுவிட்டு அடுத்த கதைக்குப் போவீர்கள்.

"அதிகாலையில் இயந்திரங்கள் வந்தன. காய்ந்த மீன்கள் மண்ணோடு மண்ணாக, ஸாஜிதா மணலில் விழுந்து" — மாட்டேன். அவள் விழுகிற ஆளே இல்லை. இதற்கும் நீங்கள் கண்ணீர் வடிக்கிற மஞ்சள் முகம் ஒன்றைப் போடுவீர்கள், அத்தோடு சரி.

நிஸ்ரினின் வேலை போகிறது என்பதை மறைக்க மாட்டேன். போகத்தான் போகிறது, அவளுக்கும் தெரியும். அதைக் கதையின் முடிவாக்கி, என்ன துணிச்சலான பிள்ளை என்று உங்களைப் பெருவிரல் தூக்கவைக்க எனக்கு விருப்பமில்லை.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டு உங்கள் பின்னால் ஆயிரம் பேர் அலைகிறார்கள். நான் அலைய மாட்டேன். இந்தக் கதைக்கு நட்சத்திரம் வேண்டாம், உங்கள் கருத்து எனக்குப் பெறுமதியானதும் அல்ல. எனக்கு வேண்டியது வேறு. நான் எழுதி நிறுத்துகிற இடத்தைப் பாருங்கள்:

காலை. சோழகம் பேயாக அடிக்கிறது. அளவைக்காரர் முளைகளோடும் கயிற்றோடும் வந்து நிற்கிறார்கள். முதல் முளை இறங்க வேண்டிய இடத்தில் ஸாஜிதா பெரிய படங்குத் துணியை விரித்து மீன் பரப்பப் போகிறாள். அளவைக்காரரில் ஒருவர் பணிவாகத்தான் கேட்கிறார், அம்மா கொஞ்சம் தள்ளுங்க என்று. அவள் தள்ளவில்லை. ஹோட்டல் சீருடையோடு நிஸ்ரின் வேலியைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வருகிறாள், செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிகிறாள்.

இந்தக் காற்றில் படங்கு விரிக்க மூலைக்கு ஓர் ஆள் வேண்டும். மற்றப் பெண்கள் தங்கள் தங்கள் படங்குகளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஸாஜிதா ஒரு மூலையைப் பிடித்திருக்கிறாள். யூஜினி ஒன்று. நிஸ்ரின் ஒன்று. நான்காவது மூலை காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருக்கிறது.

அதற்கு நான் ஆள் எழுதப்போவதில்லை.